வளர்த்த கை பறிக்கலாமோ?

உயிர்களுக்கு ஊறு செய்யாமை அறங்களுள் தலையாயது எனச் சைவநூல்கள் ஒருமுகமாகக் கூறும். புலால் மறுத்தல் அவ்வறத்தின் முதற்படி. இப்படியில் நின்றார் பலரும், ‘யாம் உண்பன காயும் கீரையும் கிழங்குமே, ஆதலின் எம்மிடத்துக் குற்றம் யாதுமில்லை’ என்று மனம் அமைந்து விடுகின்றனர். சந்தையிற் காய் வாங்கி உண்பார்க்கு இவ்வமைதி எளிது. தம் வீட்டுக் கொல்லையில் வித்திட்டு, நீர் வார்த்து, முளை தோன்றிய நாள் முதலாக நாடோறும் கண்டு வளர்த்தவர்க்கு அஃது அத்துணை எளிதன்று. முளைக்கீரைப் பாத்தியின் முன் குனிந்து நிற்கும்போது, ‘வளர்த்த கையே பறிக்கலாமோ?’ என்னும் வினா அவருள்ளத்தில் எழும், எழுதலும் வேண்டும். அவ்வினாவிற்கு விடை யாதென ஈண்டு ஆராய்வாம்.

புல்லும் மரமும் உயிருடையன என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுத்து, இவற்றை ஓரறிவுயிர் என்றார். சைவ நூலாரும் எழுவகைப் பிறப்பினுள் தாவரத்தை ஒன்றாக வைத்து ஓதினர். ஆகவே, கத்தரிச் செடியினுள் இருப்பதும் நம்மைப்போல மலத்தாற் கட்டுண்டு, வினைக்கீடாக ஓர் உடம்பு பெற்று நிற்கும் உயிரே. வங்கநாட்டு அறிஞர் சகதீச சந்திர போசு (1858–1937) நுண்கருவிகளின் துணைகொண்டு, செடிகள் புறத்தாக்குதல்களுக்கு எதிர்விளைவு காட்டுதலை உலகினர்க்கு விளக்கினார். செடிக்கு நம்மை யொத்த துன்பவுணர்ச்சி உண்டென அக்கருவிகள் நிறுவின என்று கொள்ளுதல் மிகையாகும். ஆயினும், அது கல்லும் மண்ணும் போன்ற சடப்பொருளன்று என்னுமளவில் ஐயமில்லை.

இனி, ‘யான் வளர்த்தேன், ஆதலின் யான் பறிப்பேன்’ என்பாருமுளர். இவர் கூற்றை முதற்கண் நோக்குவாம். எம் குளத்தூர்ப் பக்கத்து நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் சரளையும் விரவியது. ஐப்பசி கார்த்திகை மழையையும் கண்மாய் நீரையும் நம்பியிருப்பது. கொல்லையில் நாலு பாத்தி கட்டுவார், கிணற்று நீரோடு அரிசி களைந்த கழுநீரையும் வீணாக்காது செடிக்கு விடுவர். ஆடிப்பட்டத்தில் அவரையும் சுரையும் பீர்க்கும் ஊன்றிப் பந்தலிடுவர். களை பறிப்பர், அசுவினி படிந்தால் சாம்பல் தூவுவர். மனிதன் செய்வது இவ்வளவே. வித்தினுள் முளையை வைத்தவன் அவனல்லன். கொம்பைத் தேடிப் பற்றும் இயல்பைக் கொடிச்சுருளுக்கு அளித்தவனும் அவனல்லன். மழை பொய்த்த ஆண்டில் அவன் உழைப்பனைத்தும் கருகிப்போதலை அவனே காண்கின்றான். உடம்பும், கருவிகளும், உலகமும், நுகர்பொருளுமாகிய தனு கரண புவன போகங்களை இறைவன் மாயையினின்றும் உயிர்களுக்குக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தம். ஏவலாளன் காவல் செய்த பொருள் அவனுக்கே உரியதாகாதவாறு போல, நீர் வார்த்தமை பற்றிச் செடி நமக்கு உரியதாகாது. எனவே, ‘வளர்த்தேன்’ என்னும் காரணம் பறித்தற்கு உரிமை தாராது என்க.

அற்றேல், பறியாது விடுதலே அறமோ எனின், அதுவும் பொருந்தாது. என்னை? இவ்வுடம்பு பிறவிக்கடலைக் கடத்தற்கு இறைவன் தந்த தெப்பம். அதனை உணவின்றி மாயவிடுதல் தந்தவன் கருத்தை அழித்தலாம். ஆதலின் உண்ணல் வேண்டும். உண்ணுங்கால் ஊறு மிகக் குறைந்த நெறியை நாடல் வேண்டும். கொல்லை வைத்தார் இந்நெறியைக் கண்கூடாக அறிவர். வெண்டை, கத்தரி, அவரை முதலியவற்றிற் காய் பறித்தலாற் செடி மாயாது. பறிக்குந்தோறும் மீண்டும் பூத்துக் காய்ப்பதும் உண்டு. அரைக்கீரையைக் கிள்ளினால் மீளத் தளிர்க்கும். முருங்கையை ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். முளைக்கீரையும் கிழங்கும் அங்ஙனமல்ல; அவற்றை வேரொடு களைந்தாலன்றி உணவாகா. ஆகவே பறித்தலுள்ளும் தரம் உண்டு. கிள்ளத் தகுவதைக் கிள்ளியும், முற்றவிடத் தகுவதை முற்றவிட்டும், வேரொடு களைவதை வேண்டிய அளவிற்கே களைந்தும் வாழ்தல் இல்லறத்தார்க்குக் கூடியதே.

வேரொடு களைதற்கு நம் நாயன்மார் வரலாற்றிலேயே ஒரு சான்று உளது. இளையான்குடி மாற நாயனார் அடியார்க்கு அமுதளித்தே செல்வம் அனைத்தும் மாண்டவர். மழை பொழியும் ஓர் இரவில் அடியார் ஒருவர் பசியோடு வந்தார். மனையில் ஒரு பிடி அரிசியும் இல்லை. பகலில் வயலில் விதைத்த முளைநெல்லே எஞ்சியிருந்தது. நாயனார் இருளிற் காலால் வழி தடவிச் சென்று, நீரில் மிதந்த வித்தைக் கையால் ஒதுக்கிக் கூடையில் வாரி வந்தார். விறகின்மையால் கூரையின் வரிச்சை அறுத்து வீழ்த்தினார். கறிக்கு வேறின்மையால் கொல்லைக் குழிகளில் அப்பொழுதே தலைகாட்டிய சிறு கீரையைத் தடவிப் பறித்தார். அவர் மனைவியார் நெல்லை வறுத்துக் குற்றி அடிசிலாக்கி, அவ்வொரு கீரையையே பலவகைக் கறியாகச் சமைத்தார். அக்கீரை பறித்த செயலைப் பாசத்தை அடியோடு களையும் செயலுக்குச் சேக்கிழார் பெருமான் ஒப்பிட்டருளினார். நம் வினாவிற்கு விடை இவ்வுவமையில் அடங்கியிருக்கின்றது. அவ்விரவில் நாயனார் கையில் வேரற்றது கீரை மட்டுமன்று; ‘என் வித்து, என் பயிர், நாளை என் உணவு’ என்னும் பற்றும் வேரற்றது. அப்பற்றை வைத்துக்கொண்டு பறிப்பவன் செடியை மட்டும் கொல்கின்றான்.

விதைநெல்லை உண்பது உழவர் மரபுக்கு மாறன்றோ எனின், ஆம், மாறே. அதனை எல்லார்க்கும் விதியாகக் கொள்ளல் கூடாது. நாயனார் அதனைத் தம் பசிக்கு எடுத்திலர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. தாம் வறுமையுற்று வாடியிருந்த நாளெல்லாம் அவ்வித்து வித்தாகவே இருந்தது. விருந்தின் பசி கண்டபின்னரே அஃது உணவாயிற்று.

இவ்வுண்மை ஒரு சிறு கொல்லைக்கே உரியதன்று. அரசன் களஞ்சியத்திற்கும் ஒக்கும். எம் நாட்டுக் கொடும்பாளூரில் ஆண்ட இடங்கழி நாயனாரின் களஞ்சியத்தில் ஓர் அடியார் இரவிற் புகுந்து நெல் கவர்ந்தார். அடியார்க்கு அமுதூட்டப் பொருளின்மையே காரணம் என்றார். மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. அடியார்கள் தம் நிதியனைத்தையும் முகந்து கொள்ளுமாறு பறையறைவித்தார். குழிக்கீரை உடைய வறியவரும் களஞ்சியம் உடைய வேந்தரும் கண்ட பொருள் ஒன்றே: கையில் இருப்பது காவற்பொருள்.

அஃதேல், ‘எல்லாம் இறைவன் செயல், எல்லாம் அவன் பொருட்டு’ என்று கூறி ஊன் உண்பாரையும் ஒறுத்தல் கூடாதுபோலும் எனின், அது வலிந்த கூற்றாம். சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல், தன் நாவின் விருப்பை இறைவன் பெயரால் மறைத்தல் அன்று. செடி நட்டுப் பிழைக்க வழியிருக்கவும், அஞ்சி ஓடவும் அலறவும் அறிவுடைய உயிரைக் கொல்வது ஊறு குறைந்த நெறியாதல் யாங்ஙனம்? காயுண்பாரும் இதே சோதனைக்கு உட்பட்டவரே. தாம் பறித்தது பற்றினாலோ பணியினாலோ என்று அறிய மூன்று அடையாளம் உள. முதற்பங்கு யாருக்குச் சென்றது என்பது ஒன்று. பறித்ததில் வீணானது எவ்வளவு என்பது இரண்டு. பறிக்கப்பட்டதன் குலம் மறுவாண்டும் தழைக்க வழி விட்டோமா என்பது மூன்று.

முதலாவது அரிதன்று. இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய்ப்புல், உண்ணுமுன் பிறர்க்கு ஒரு பிடி என்று திருமூல நாயனார் யாவர்க்கும் எளிய அறங்களை வகுத்தார். கொல்லையுடையார்க்கு இவை வாயிற்படி தாண்டாமலே கிடைக்கின்றன. மார்கழித் திருவாதிரையிற் களியோடு படைக்கும் பலகாய்க் கூட்டிற்குத் தன் பந்தற் காய் ஒரு பிடி சேருமாயின் அதனினும் பேறு யாது?

இரண்டாவது அடுக்களையில் உள்ளது. பீர்க்கின் தோலைத் துவையலாக்கியும், கீரைத்தண்டைக் குழம்பிலிட்டும், கழித்ததை ஆவுக்கும் எருக்குழிக்கும் இட்டும் சமைக்கும் அம்மையார், நூல் ஓதாமலே உயிர்க்கடன் தீர்க்கின்றார். பத்துக் காய் பறித்து நாலு வாடவிடுபவர், ஆறு காய்க்கு நன்றியும் நாலு காய்க்குப் பழியும் உடையவராவர்.

மூன்றாவது நம் முன்னோர் மறவாத வழக்கம். நன்கு திரண்ட காய் ஒன்றை விதைக்கென்று கொடியிலேயே முற்றவிட்டு, அதனை எவரும் தொடாதவாறு காத்து, வித்தெடுத்துச் சாம்பலிற் பிசறி வைப்பர். இந்நாளில் நகரங்களிலும் மாடித்தோட்டம் பெருகிவருகின்றது. நஞ்சு தெளியாத காய் வேண்டும் என்னும் நோக்கம் நன்றே. ஆயினும், விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கி, காய்த்ததைக் கடைசிப் பிஞ்சு வரை பறித்து, ‘என் தோட்டத்துக் காய்’ என மகிழ்வதோடு ஒழிந்தால் அக்கடன் தீர்ந்ததாகாது. முற்றவிட்ட அவ்வொரு காய் நம் நாவிற்கு நாம் இட்ட வரம்பு. அச்செடியின் குலத்திற்கு நாம் செலுத்தும் கடன்.

ஆகவே, அன்பர்காள், வளர்த்த கை பறிக்கலாம்; ‘எனது’ என்று பற்றிய கை பறித்தல் கூடாது. நாளைக் காலை கீரைப் பாத்தியின் முன் குனியும்போது, இவ்வுயிர் தன் உடம்பை நமக்கு ஈகின்றது என்று ஒருகணம் நின்று எண்ணுக. அங்ஙனம் எண்ணியவர் அளவிற்கு மேற் பறியார், பறித்ததை வீணாக்கார், வாயிலிற் பசித்து நின்றாரை மறந்து தாம் மட்டும் உண்ணார்.

திருச்சிற்றம்பலம்.