அளவுகோல் யார் கையில்?

பொதிகை என்றதும் நம் புலவர்களுக்கு அகத்தியர் நினைவு வரும், தென்றல் நினைவு வரும், சந்தனம் மணக்கும். அங்கே வாழும் மனிதனின் நினைவு மட்டும் வராது! குறுமுனி மூலிகை கண்டான், குறுமுனி மருத்துவம் தந்தான் என்று கதை கட்டியவர்கள், அந்த மலையிலே தலைமுறை தலைமுறையாகக் காடறிந்து, கனியறிந்து, வேரறிந்து வாழும் காணி மக்களை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

1987-ஆம் ஆண்டின் இறுதியில், அந்த மலையின் மேற்குச் சரிவில், கேரள எல்லைக்குள், ஆராய்ச்சியாளர் குழுவொன்று ஏறிற்று. டாக்டர் புஷ்பாங்கதன் தலைமை தாங்கினார். வழிகாட்டிச் சென்றோர் காணிகள். ஏற்றம் கடினம், ஏடு பல கற்றவர்கள் களைத்தனர், ஏடறியாத வழிகாட்டிகளோ களைப்பறியாது நடந்தனர், இடையிடையே சிறு பழங்களை மென்றபடி! அவர்கள் தந்ததைத் தின்ற அறிஞர்களுக்கும் தெம்பு பிறந்தது. என்ன பழம் இது? கேள்வி எழுந்தது, விடை எளிதில் வரவில்லை. வெளியாருக்குச் சொல்லலாகாது என்பது அந்த மக்களின் கட்டுப்பாடு. தவறாகப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி கூறிய பின்னரே செடி காட்டப்பட்டது. ஆரோக்கியப்பச்சை என்று அதற்குப் பெயர் வழங்கிற்று.

காணி சொன்னான், ஆகவே மெய் என்று நாம் கூறமாட்டோம். முனிவன் சொன்னதை ஆராயாமல் ஏற்பது மடமை என்றால், மலைமகன் சொன்னதை ஆராயாமல் ஏற்பதும் மடமையே. ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தனர். களைப்பைப் போக்கும் தன்மை தெரிந்ததாக எழுதினர். பிற மூலிகைகள் சிலவும் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாயிற்று. 1995-இல் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம், கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு அதைத் தயாரிக்கும் உரிமையை 7 ஆண்டுகளுக்கு அளித்தது. உரிமைத் தொகை 10 இலட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. வந்ததில் பாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிறுவனம் முடிவு செய்தது. 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை பதிவாயிற்று. 1999-இல் 5 இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை அதனிடம் சென்றது.

அன்று இப்படிக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த இந்தியாவில் சட்டமில்லை. பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-இல்தான் வந்தது. வாய்ப்பிருந்தும் ஏமாற்றாதவரைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. உலக அரங்குகளிலே இது எடுத்துக்காட்டு என்று பேசப்பட்டதிலும் வியப்பில்லை.

ஆனால், தோழர்களே, நன்மை விளைந்ததா என்று அளக்கப் புகுந்தவர்கள் எதை அளந்தார்கள்? எத்தனை இலட்சம் வந்தது, எத்தனை பங்கு பிரிந்தது! பணம் எண்ணுவதற்கு எளிது. ஆகவே பணம் எண்ணப்பட்டது. 1995-இன் ஒப்பந்தத்திலே இருவர் இருந்தனர்: ஆராய்ச்சி நிறுவனம், மருந்து நிறுவனம். மூன்றாமவன், செடியைக் காட்டியவன், எங்கே? அறக்கட்டளை பிறந்ததே இரண்டாண்டு கழித்து! பாதி தருவது என்று முடிவு செய்ததும் மற்றவர்களே. பாதி நியாயமாகவே இருக்கலாம். அதை நியாயம் என்று சொல்லும் உரிமை பெறுபவனுக்கு வேண்டாமா? தன் வீட்டுச் சோற்றில் தனக்குப் பாதி பரிமாறப்படும்போது, பரிமாறுபவரின் தாராளத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கச் சொல்கிறோம் அவனை.

காணிகளுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. அவர்களது மருத்துவர்கள் பிலாத்திகள். இந்த அறிவு எங்கள் பொறுப்பிலுள்ளது, விற்பனைக்கல்ல என்று அவர்களிலே சிலர் எதிர்த்தனர். மறைத்து வைப்பதே அறம் என்பதை நான் ஏற்கவில்லை. மறைத்த மருந்து மனிதனுக்கு உதவாது. எனினும் வழிகாட்டச் சென்ற இருவர் மூவரின் ஒப்புதலை ஒரு குலத்தின் ஒப்புதலாகக் கணக்கெழுதியதை எப்படி ஏற்பது? ஊரைக் கேட்டோம் என்பவர், ஊரில் யாரைக் கேட்டோம் என்றும் சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. மருந்துக்கு இலை தேவை. செடியைப் பயிரிட்டு இலை விற்றால் காணிக்கு நிலையான வருவாய். வனத்துறை குறுக்கிட்டது! அரிய செடி, காட்டிலிருந்து வேரோடு போய்விடும் என்ற அச்சம். அச்சம் பொய்யன்று. ஆனாலும் அந்தச் செடியை அத்தனை காலமும் அழியாமல் வைத்திருந்தவன் யார் என்று துறை தன்னையே கேட்டுக்கொண்டிருக்கலாம். விஞ்ஞானி அறிவைக் கேட்டு வந்தார், வணிகர் இலையைக் கேட்டு வந்தார், வனத்துறை அனுமதிச் சீட்டைக் கேட்டு வந்தது. காணி கேட்பதை எழுதிக்கொள்ள எவரும் ஏட்டோடு வரவில்லை.

மலைக்குக் கிழக்குச் சரிவும் உண்டு. பாபநாசத்து மலைகளிலும் காணிகள் வாழ்கிறார்கள்; உறவும் மொழியும் எல்லைக்கோட்டைக் கண்டு நின்றுவிடுவதில்லை. அறக்கட்டளையோ கேரளத்துக்கு உரியது. மேற்கே பங்கு பிரித்த கதையை நூலாக எழுதியோர், ஒருநாள் கிழக்கே இறங்கிவந்து, உங்களுக்கு இதில் என்ன சேர்ந்தது என்று கேட்டிருந்தால், மதிப்பீட்டின் முதற்பக்கமே வேறாக இருந்திருக்கும்.