புள்ளடி போட்டவரைத் துரோகி என்பது அறமா?

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் வென்றவர் பதவியேற்று நாளாகிவிட்டது. தோற்றவர்களும் அடுத்தடுத்த தேர்தல்களுக்கு எழுந்துவிட்டார்கள். அந்தச் சில வாரப் பிரசாரத்தில் தமிழர் தமிழரைப் பார்த்துச் சொன்ன சொற்கள் மட்டும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இன்னும் ஆறாமல் கிடக்கின்றன. எழுவான்கரையில் ஒரே வளவுக்குள் வீடு கட்டி வாழும் அண்ணன் தம்பிமார் முகம் பார்த்துக் கதைப்பதில்லை. படுவான்கரையில் கோயில் கூட்டத்தில் கணக்குக் கேட்க எழும்புகிறவரை, "நீ ஆருக்குப் புள்ளடி போட்டாய் எண்டு தெரியாதா" என்ற ஒரே கேள்வி உட்கார வைத்துவிடுகிறது. தேர்தல் என்பது ஒரு நாள் வேலை. அதற்காக ஆயுள் முழுவதும் சேர்ந்து இருக்க வேண்டியவர்கள் பிரிந்து கிடக்கிறார்கள்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவூட்டுவது நல்லது. மட்டக்களப்பின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரும் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்காரருமான பா. அரியநேத்திரன், தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். பல தமிழ்க் கட்சிகளும் சிவில் அமைப்புகளும் அவரை முன்னிறுத்தின. அவருடைய சொந்தக் கட்சி அவரிடம் விளக்கம் கேட்டது. பிறகு செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதாக அறிவித்தது. அதே கட்சியின் சிவஞானம் சிறீதரன் சங்கின் பக்கம் நின்றார். தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. மட்டக்களப்பின் அரசாங்கத் தரப்புத் தலைவர்கள் ரணில் விக்கிரமசிங்கவின் சிலிண்டருக்கு வாக்குக் கேட்டார்கள். அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டியை நம்பிய இளைஞர்களும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஒரு சிறிய இனத்துக்குள் ஐந்து வழிகள். ஒவ்வொரு வழியில் போனவரும் மற்ற நால்வரையும் அழைத்த பெயர் ஒன்றே: துரோகி. விலைபோனவன், பெட்டி வாங்கினவன், இனத்தைக் காட்டிக் கொடுத்தவன் என்பவையெல்லாம் அதன் கிளைகள்.

வேறொரு வேட்பாளரை ஆதரித்ததற்காக ஒருவரைத் துரோகி என்று சொல்வது அறமன்று. சொல்லப்படுபவர் சாதாரண வாக்காளராக இருந்தாலும் சரி, கட்சித் தலைவராக இருந்தாலும் சரி. வேட்பாளரின் கொள்கையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து விமர்சிக்கலாம்; அவர் சொன்ன வாக்குறுதியைப் பழைய பத்திரிகையை விரித்து வைத்துக் கேள்வி கேட்கலாம்; அவருக்கு வாக்களிப்பது வீண் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லலாம். அவை யாவும் மக்களாட்சியின் கடமைகள். ஆனால் ஒரு மனிதன் தன் மனச்சாட்சிப்படி எடுத்த முடிவைப் பாவம் ஆக்கும் உரிமை எவருக்கும் கிடையாது.

இந்த மண்ணுக்கு இது புத்தகத்தில் படிக்கும் நீதி மட்டும் அல்ல. அந்தச் சொல் இங்கே என்ன செய்தது என்பதை மட்டக்களப்பு கண்டிருக்கிறது. 1989இல் மட்டக்களப்பில் போட்டியிட்டுத் தோற்று, தேசியப் பட்டியலில் நாடாளுமன்றம் சென்ற அ. அமிர்தலிங்கம், அதே ஆண்டு ஜூலை 13இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு உறுப்பினர் சாம் தம்பிமுத்து 1990 மே மாதம் கொழும்பு வீதியில் மனைவியோடு சேர்த்துச் சுடப்பட்டார். 2004 மார்ச் 30இல், பொதுத் தேர்தலுக்கு மூன்று நாள் இருக்கையில், வேட்பாளர் ராஜன் சத்தியமூர்த்தி கொல்லப்பட்டார். அந்தத் தேர்தலில் தெரிவாகிப் பின் விலகிய கிங்ஸ்லி இராசநாயகம் அதே ஆண்டு ஒக்டோபரில் கொல்லப்பட்டார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள், மனைவியின் அருகில் நின்ற ஜோசப் பரராஜசிங்கத்தைச் சுட்டார்கள். இவர்களெல்லாம் ஒரே கட்சிக்காரர் அல்லர். கொன்றவர்களும் ஒரே தரப்பினர் அல்லர். ஆனால் அந்தக் காலத்தில் துவக்குக்கு முன்னே அந்தச் சொல்தான் ஊருக்குள் நடக்கும். சொல் வந்து சேர்ந்த வீட்டில் அடுத்த நாள் என்ன நடக்கும் என்று அயலவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட சொல்லை, துவக்குகள் ஓய்ந்து 15 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, அந்தக் காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் முகநூலில் விளையாட்டாக எறிகிறார்கள். அவர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் வயதில் மூத்தவர்கள் என்பதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது.

நம் முன்னோர் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள். புறநானூற்றில் கோவூர்கிழார் என்ற புலவர் இருக்கிறார். சோழர் குடியில் பிறந்த நலங்கிள்ளி, அதே குடியில் பிறந்த நெடுங்கிள்ளியை முற்றுகையிட்டு நின்றபோது, இருவருக்கும் இடையே போய் நின்றவர் அவர். எதிரே நிற்பவன் பனம்பூச் சூடிய சேரனும் அல்லன், வேம்பு சூடிய பாண்டியனும் அல்லன். இருவர் தலையிலும் இருப்பது ஒரே ஆத்தி. எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. இருவரும் வெல்வது நடவாத காரியம். இந்தப் போரைப் பார்த்து மகிழ்பவர்கள் அயல் வேந்தர்கள். அந்தப் பாட்டின் பொருள் இதுதான். ஒரே கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அக்கட்சியின் தீர்மானத்துக்கும் நடுவே சிக்கிய மட்டக்களப்புக்கு இதைவிடப் பொருத்தமான உரை வேறு எங்கே கிடைக்கும்?

அதே கோவூர்கிழாரின் இன்னொரு பாட்டு அதைவிடக் கூர்மையானது. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் வந்தார். உள்ளே இருந்த நெடுங்கிள்ளி அவரை ஒற்றன் என்று எண்ணிக் கொல்லப் போனான். அந்த இளம் புலவர் செய்த குற்றம், எதிரி இருந்த பக்கத்திலிருந்து வந்தது மட்டுமே. கோவூர்கிழார் குறுக்கே வந்து, பரிசிலை நம்பி வாழும் புலவர் வாழ்க்கை பிறருக்குத் தீங்கு அறியாதது என்று எடுத்துச் சொல்லி உயிரைக் காத்தார். கோவூர்கிழார் நலங்கிள்ளியைப் பாடியவர். அப்படியிருந்தும் நெடுங்கிள்ளியின் கோட்டைக்குள் நின்று நியாயம் பேச அவரால் முடிந்தது; அந்த அரசனும் கேட்டான். இன்று எத்தனை பேர் அப்படிக் குறுக்கே வந்து நிற்கிறோம்?

கம்பனிடம் போனாலும் இதே தீர்ப்புத்தான். வீடணன் அண்ணனுக்கு நல்லது சொன்னான். கேட்கப்படாதபோது மறுகரைக்குப் போனான். இராவணன் அவனை வைத வசவு எல்லாருக்கும் தெரியும். ஆனால் கும்பகருணன் என்ன செய்தான் என்பதைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். போர்க்களத்தில் வீடணன் வந்து, நீயும் இராமனிடம் வந்துவிடு என்று கெஞ்சுகிறான். உண்ட சோற்றுக்கு உயிர் கொடுப்பதே தன் கடன் என்று அவன் மறுக்கிறான். மறுத்தவன் தம்பியைத் தழுவிக்கொள்கிறான். நீ போ, போய் வாழ், எங்களுக்கு இறுதிக் கடன் செய்ய ஒருவனாவது வேண்டும் என்று வாழ்த்தி அனுப்புகிறான். தன் முடிவில் இம்மியும் அசையாதவன், எதிர் முடிவு எடுத்தவனை ஒரு சொல்லாலும் சுடவில்லை. கொள்கை உறுதியும் அன்பும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்பதற்குத் தமிழில் இதற்கு மேல் சான்று இல்லை. பாரதமும் அப்படியே. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் பாரதம் படித்து, வனவாசம் போய், தீ மிதிக்கும் மக்களுக்குத் தருமரைத் தெரியும். போர் தொடங்கும் முன் அவர் எதிர்ப்படைக்குள் நடந்து போய்ப் பீஷ்மரையும் துரோணரையும் வணங்கி ஆசி கேட்டார், அவர்களும் கொடுத்தார்கள். அந்த வேளையில் கௌரவர் பக்கத்திலிருந்து யுயுத்சு பாண்டவரிடம் வந்து சேர்ந்தான். வந்தவனைத் தருமர் அரவணைத்தார்.

வள்ளுவரோ இதற்கு அதிகாரம் அதிகாரமாக எழுதி வைத்திருக்கிறார். நெருப்புச் சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவு சுட்டது ஆறாது என்ற அறிவுரை அடக்கமுடைமையில் இருக்கிறது. பிறர் குற்றத்தைப் பார்ப்பதுபோல் தன் குற்றத்தையும் பார்க்கத் தெரிந்தால் உலகத்துக்குத் தீங்கே இராது என்பது புறங்கூறாமையில் இருக்கிறது. வாய்மை என்பதற்கே, எவருக்கும் தீமை விளைக்காத சொல் என்றுதான் அவர் பொருள் சொன்னார். நடந்ததை நடந்தபடி சொன்னேன் என்று மார்தட்டுகிறவர், அச்சொல் யாரைச் சுடுகிறது என்றும் பார்க்கக் கடமைப்பட்டவர்.

மறுபக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். சிறிய இனம் ஒன்றுபட்டு நிற்காவிட்டால் அதன் குரல் எடுபடாது. 2020 பொதுத் தேர்தலில் அம்பாறை மாவட்டத் தமிழ் வாக்குகள் இரண்டாகப் பிளந்து, அந்த மாவட்டத்தில் ஒரு தமிழ் உறுப்பினர்கூடத் தெரிவாகவில்லை. அந்த வலி உண்மையானது. உட்பகைக்கு வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே எழுதினார் என்று நினைவூட்டுவோரும் உண்டு. ஆனால் அவர் அஞ்சச் சொன்னது, உறவுபோல் உள்ளே இருந்துகொண்டு மறைவில் அறுக்கும் பகையை. தன் பெயரை, தன் முகத்தை, தன் சின்னத்தைச் சுவரொட்டியில் போட்டு வெளிச்சத்தில் வாக்குக் கேட்பவர் அந்த இலக்கணத்துக்குள் வரமாட்டார். தவிர, வசைக்கு அஞ்சி வாய் மூடிக் கிடப்பது ஒற்றுமையும் ஆகாது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டம் ஏறக்குறைய முழுவதுமாக வாக்களிக்காமல் இருந்தது. அதைப் புறக்கணிப்பு என்று அழைத்தார்கள். மக்களுக்கு வேறு வழி இருந்ததா?

நம் நாட்டுத் தேர்தல் சட்டமே இதில் நம்மைவிடப் பெருந்தன்மையாக இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டில் ஒருவருக்கு மட்டும் புள்ளடி இடலாம். அல்லது 1, 2, 3 என்று மூவரை வரிசைப்படுத்தலாம். 2024இல் அந்தச் சீட்டு கையில் விரித்துப் பிடிக்க முடியாத நீளம், 39 பெயர்கள். அதில் சங்குக்கு 1 என்றும் சஜித்தின் தொலைபேசிக்கு 2 என்றும் எழுதிய கைகள் வாவிக்கரையிலும் இருந்திருக்கும். அவர்கள் எந்தப் பக்கத்துத் துரோகிகள்? 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது முதல் ஒருமுறையும் தேவைப்படாத இரண்டாம் விருப்பு எண்ணிக்கை, இந்த முறைதான் தேவைப்பட்டது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 சதவீதம், பாதியைத் தாண்டவில்லை. ஆகவே ஒருவருடைய இரண்டாம் தெரிவையும் நாடு எடுத்து எண்ணியது.

மக்கள் தீர்ப்பும் வசைகளுக்குக் கட்டுப்படவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தில் சஜித் முதலிடம், ரணில் இரண்டாமிடம், அநுர மூன்றாமிடம். அரியநேத்திரன் தன் சொந்த மாவட்டத்தில் சுமார் 37 ஆயிரம் வாக்குகளோடு நான்காவதாக வந்தார். நாடு முழுவதும் அவருக்குக் கிடைத்தவை 226,343. அடுத்து நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில், திசைகாட்டி அலை நாடெங்கும் அடித்தபோதும், இதே மாவட்டம் தமிழரசுக் கட்சியை முதலிடத்தில் வைத்து மூன்று உறுப்பினர்களைக் கொடுத்தது. இரண்டு மாத இடைவெளியில் இந்த மக்கள் செய்த இரு தெரிவுகளும் அவரவர் கணக்குப் பார்த்துச் செய்தவை. இரண்டு நேரமும் துரோகம் என்றால், மாவட்டத்தில் மிஞ்சுவது யார்?

இதற்காக, கேள்வி கேட்பதையே கைவிட வேண்டும் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டாம். மதுபானசாலை அனுமதிப் பத்திரங்கள் யாருடைய சிபாரிசில் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்று மக்கள் கேட்டது முற்றிலும் சரியான கேள்வி. 2024 டிசம்பரில் அவற்றின் பட்டியல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அப்படித்தான் நடக்க வேண்டும். ஆதாரத்தோடு கேட்டால் அது பொதுநலம். பட்டியல் வரும் முன்னே, கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல், மேடையில் ஒருவரைச் சுட்டி 'பார் பெர்மிட் வாங்கினவன்' என்று கத்தினால் அது அவதூறு.

உலகத்தின் மிகப் பழைய குடியரசுகளில் ஒன்றான அமெரிக்காவும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. 2024இல் டொனால்ட் ட்ரம்ப் தன் எதிராளிகளை நாட்டுக்குள் இருக்கும் எதிரி என்றார். ஜோ பைடன் வாய் தவறி ட்ரம்பின் ஆதரவாளரைக் குப்பை என்றாரா இல்லையா என்று அந்த நாடே ஒரு வாரம் அடிபட்டது.  ஆனால் அதே நாட்டில் 2008 ஒக்டோபரில் நடந்த ஒன்றைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். மினசோட்டாவில் ஜனாதிபதி வேட்பாளர் ஜோன் மெக்கெயினின் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து, ஒபாமாவை நம்ப முடியாது, அவர் அரேபியர் என்றார். மெக்கெயின் ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கி, அப்படி அல்ல அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் அடிப்படை விடயங்களில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். அரேபியராக இருப்பதே குறை என்பதுபோல் அந்த மறுமொழி ஒலித்ததை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் தனக்கு வாக்குப் போட வந்த கூட்டத்தின் முன், தன் ஆதரவாளரைத் தடுத்து, எதிராளியின் மானத்தைக் காத்தார். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார்.

நம் மேடைகளில் இதைச் செய்தவர் யார் என்று தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைவர் தானாக வையமாட்டார். முன்னால் பேசுகிற இளைஞர் வைவார். தலைவர் சிரித்துக்கொண்டு இருப்பார். அந்தச் சிரிப்புக்கும் கணக்கு உண்டு. வசைச் சொல்லைச் சொன்னவனைவிட, தடுக்கக்கூடிய இடத்தில் இருந்து தடுக்காதவனுக்கே குற்றத்தில் பெரிய பங்கு.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்கான அடுத்த தேர்தல் ஒருநாள் அறிவிக்கப்படும். அன்று இதே கட்சிகள், இதே முகங்கள், களுவாஞ்சிக்குடியிலும் கொக்கட்டிச்சோலையிலும் வாழைச்சேனையிலும் மேடை போடுவார்கள். வேட்பாளர்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறோம். உங்கள் மேடையில் யாராவது, எதிரே நிற்கும் தமிழரையோ அவருக்குப் புள்ளடி போடப்போகும் சனத்தையோ துரோகி என்று சொன்னால், அந்த இடத்திலேயே ஒலிவாங்கியை வாங்குங்கள். உங்கள் ஆள் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று சனத்துக்கு முன்னால் சொல்லுங்கள். அதைச் செய்யாதவருக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம் என்று வாக்காளரையும் கேட்டுக்கொள்கிறோம்.