விட்ட தொழில்

தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பத்தார் செய்துவந்த கைத்தொழில் நின்றுபோயிற்று என்று கேள்விப்படும்போது, நல்ல மனம் படைத்தவர்கள் பெருமூச்சு விடுவது வழக்கம். தறியை விட்டவனுக்காகவும் குயச்சக்கரத்தை விட்டவனுக்காகவும் பத்திரிகைகளில் எழுதப்படும் இரங்கலுரைகளுக்குக் குறைவே இல்லை. அந்த இரக்கம் பொய் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தோல் வேலை நின்ற நாளன்று ஒருவரும் பெருமூச்சு விடவில்லை. தாத்தாவின் உளிகளையும் குத்தூசிகளையும் என் தகப்பனார் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு வந்தார். அன்று இரவு வீட்டில் கறிக்குழம்பு.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பின்னர், அதே தொழிலை, ஒருவருடைய நிர்ப்பந்தமும் இன்றி, கைப்பணம் போட்டுக் கருவிகள் வாங்கி, நான் மறுபடியும் தொடங்கியிருக்கிறேன். இது விவேகமா விபரீதமா என்பதைப் பற்றி என் குடும்பத்துக்குள் ஒருமித்த அபிப்பிராயம் இல்லை. என் மனத்துக்குள்ளும் நெடுநாள் இருந்ததில்லை.

எங்கள் காரமடை நீலகிரியின் அடிவாரத்தில், கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் இருக்கும் ஊர். மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றினாலும், இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பெரும்பாலும் கிணற்றிலிருந்துதான் வந்தாக வேண்டும். 1887-இல் நிக்கல்சன் தொகுத்த கோயம்புத்தூர் ஜில்லாக் கையேட்டைப் புரட்டினால், இந்நாட்டு வேளாண்மை எவ்வளவு தூரம் கிணற்றை நம்பியிருந்தது என்பது விளங்கும். அந்தக் கிணற்றிலிருந்து நீரை மேலேற்றியது கவலை; கவலைக்கு உயிர் பறி. பருத்த தோலை வட்ட வாயுள்ள பையாகத் தைத்து, அதன் அடியில் நீண்டதொரு தோல்வாலை இணைத்து, பையை வடக்கயிற்றிலும் வாலின் நுனியை வால்கயிற்றிலும் கட்டி, எருதுகள் சரிவில் இறங்கும்போது இரண்டும் சேர்ந்து ஏறிவரவும், மேலே வந்ததும் வால் தானாகத் தாழ்ந்து நீரைத் தொட்டியில் கொட்டவும் அமைத்திருந்த அந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை, எந்தப் பொறியியல் கல்லூரியும் பார்க்காத மனிதர்கள் கண்டுபிடித்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. பிற்காலத்தில் பையின் இடத்தில் இரும்புச் சால் வந்தது. வால் மட்டும் தோலாகவே நீடித்தது.

பறியையும் வாலையும் தைத்தவர்கள் நாங்கள், அருந்ததியர். வீட்டுக்குள் தெலுங்கும் வெளியே தமிழும் பேசிக்கொண்டு, ஊருக்குச் சற்று ஒதுங்கி வாழ்ந்தவர்கள். பறியைத் தவிர, செருப்பு, சாட்டைவார், காளைகளின் கழுத்துக்குச் சலங்கை கோத்த பட்டை ஆகியவையும் தாத்தாவின் கையிலிருந்து வந்தன. பறி உழைப்பின் பொருள். பட்டையோ அலங்காரப் பொருள். காங்கயம் காளையின் வெள்ளைக் கழுத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஈரத்தோலின் ஓரத்தில் இரட்டைக்கோடு இழுத்து, இடையில் சிறு இரும்பு அச்சால் பூக்களை வரிசையாகப் பதிப்பார். கழிவுத் துண்டுகளில் அந்தக் கோட்டை இழுத்துப் பார்க்க எனக்கு அனுமதி உண்டு. என் கை அறிந்த கைவேலை அந்தக் காலத்தில் அவ்வளவுதான்.

இத்தனை வேலைக்கும் கூலி என்று ஒன்று பேசப்பட்டதே இல்லை. அறுவடைக் களத்தில் பண்ணையக்காரர் அளந்து போடும் தானியமும், பண்ணையில் செத்த மாட்டின் தோலுமே ஊதியம். மாட்டை அப்புறப்படுத்துவது கடமை; தோலை உரித்துச் சுண்ணாம்பிலும் ஆவாரம்பட்டை ஊறலிலும் போட்டுப் பதப்படுத்துவது கடமை; பறி கிழிந்தால் நடு இரவிலும் போய்த் தைப்பது கடமை. தானியம் எவ்வளவு என்பது மட்டும் கடமையின் கணக்கில் சேராமல், அளப்பவரின் மனநிலையைப் பொறுத்திருந்தது. கொங்கு நாட்டின் பல ஊர்களில், ஊராருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவர் அதே ஊரின் பெரிய தெருவைக் கடக்கும்போது தம் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். இதை நான் ஏட்டிலிருந்து எடுத்து எழுதவில்லை. தாத்தா நடந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

விசித்திரம் என்னவென்றால், தோலை இந்த நாடு ஒருபோதும் முழுவதும் தீட்டென்று தள்ளியதில்லை. மாசித் தேர்த்திருவிழாவில் எங்கள் ஊர் அரங்கநாதப் பெருமாளுக்கு அடியார்கள் செய்யும் நேர்த்திகளுள் பந்தசேவை ஒன்று, தண்ணீர் சேவை இன்னொன்று. தோற்பையில் நீர் நிரப்பி, தோளில் சுமந்து, மேளத்துக்கு ஆடிக்கொண்டே வந்து அந்த நீரைச் சமர்ப்பிக்கிறார்கள். கரூர் தாந்தோன்றிமலையில் கல்யாண வெங்கடரமணப் பெருமாள் செருப்புத் தைப்பவரின் கனவில் தோன்றித் தம் பாதத்தின் அளவைச் சொல்லிச் செருப்புக் கேட்பதாக ஐதீகம். அப்படிச் செய்து வந்த பெருஞ்செருப்பைப் பக்தர்கள் தொட்டு வணங்குகிறார்கள். முரசும் தவிலும் தோல்தானே. தோலுக்குச் சந்நிதி வரை போக வழி இருந்தது. தைத்த கைக்கு இம்மாகாணத்து ஆலயங்கள் பொதுவாகத் திறந்தது 1947-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகுதான்.

இந்நிலையிலிருந்து எங்களை வெளியேற்றியது எந்த மகானுடைய உபதேசமும் அன்று, மின்சாரம். 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிலிருந்து இறங்கிவந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உருவாக்கிய மின்மோட்டாரைக் கோயம்புத்தூர் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. சுதந்திரத்துக்குப் பின் கிராமங்களுக்குக் கம்பி நீண்டதும், கிணறுதோறும் பம்புசெட்டு இறங்கிற்று. கவலைத் தடத்தில் புல் முளைத்தது. பறி வேண்டியவர் இல்லாமற்போயினர். அதே மின்சாரம் ஓட்டிய பஞ்சாலைகளில் ஒன்றில் என் தகப்பனார் வேலைக்குச் சேர்ந்தார். மாதம் பிறந்தால் சம்பளம், அதுவும் இன்ன தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் சம்பளம்! பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு, இரவு ஷிப்டில் கால் வீங்க நின்ற அந்த மனிதர் தம் வாழ்வில் கண்ட பெரும்பாக்கியமாக அதைத்தான் கருதினார் என்பதை மறந்துவிட்டு, குலத்தொழிலின் அழகைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அப்படியிருக்க, நான் ஏன் திரும்பினேன்? காரணம் அற்பமானது. ஓய்வுபெற்றவனுக்குப் பகல் நீளம். கோவையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தபோது, பொறியியல் படித்த இளைஞர் ஒருவர், தாமே செய்த பணப்பைகளை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, ஒரு துண்டுத் தோலில் பூ எழுப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். ஓரத்தில் அவர் இழுத்த இரட்டைக்கோட்டைப் பார்த்ததும் என் விரல்கள் அசைந்தன. அவரிடமே போய்க் கற்றுக்கொண்டேன். அவர் கணினித் திரையில் அயல்நாட்டார் செய்வதைப் பார்த்துப் படித்தவர். தோலைத் தொடுவதில் ஒரு கூச்சமும் அவருக்கு இல்லை. என்னை "சார்" என்றுதான் அழைப்பார். அவருடைய கூச்சமின்மை எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் ஆகும். இதே தோலுக்காக எத்தனை பேர் எட்ட நிறுத்தப்பட்டார்கள் என்பதை அறியாமலே ஒருவர் இதனால் புகழ் பெற முடிகிறதே என்ற சிறு எரிச்சலும் இருந்தது. ஆனால் அறியாமையைக் குற்றமாகச் சுமத்த, அவர் என்ன பாவம் செய்தார்?

வேலையின் நுட்பத்தைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை வெறும் புலம்பலாகிவிடும். எல்லாத் தோலிலும் பூ எழும்பாது. குரோமிய உப்பில் பதனிட்ட தோல் மென்மையானது, நீரை எதிர்த்து நிற்பது. அழுத்தினால் குழிந்து, விட்டால் பழையபடி நிமிர்ந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் சென்னையில் அம்முறையைப் பரீட்சித்தபோது, கவலைப் பறியையும் அதன் உபயோகங்களுள் ஒன்றாக மனத்தில் வைத்திருந்தார். பறிக்கு அது நல்லது, பூவுக்கு ஆகாது. பூவுக்கு வேண்டியது ஆவாரம்பட்டையிலோ வாட்டில் பட்டையிலோ வாரக்கணக்கில் ஊறிய தோல். அதைப் பஞ்சால் நனைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நனைந்ததும் கறுக்கிற தோல், மெல்ல மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி மட்டும் தெரியும், ஈரம் ஒட்டாது. அந்த வேளைதான் முகூர்த்தம். முந்தினால் கோடு கரைந்து பரவும். பிந்தினால் கத்தி முரண்டு பிடிக்கும். பிறகு தோலின் கனத்தில் பாதிக்கு மேற்படாமல் கோட்டை வெட்டி, கோட்டின் ஒரு பக்கத்தை மட்டும் சரிவாகத் தட்டித் தாழ்த்தினால், மறுபக்கம் தானே உயர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் எதுவும் உயரவில்லை. சுற்றியிருப்பதைத் தாழ்த்தியதால் வந்த உயரம் அது. இதை முதல்முறை கற்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இளைஞருக்கு ஏனென்று விளங்கவில்லை.

தோல் வேலையைப் பிறவியால் அன்றி விருப்பத்தால் எடுத்துக்கொண்ட பெரியோர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1910-இல் தோன்றிய டால்ஸ்டாய் பண்ணையில், ட்ராப்பிஸ்ட் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கப் பழகிவந்த தம் நண்பர் காலன்பாக்கிடம் காந்தியடிகள் அதைக் கற்றார். சிறையிலே தைத்த ஒரு ஜோடியைத் தம்மைச் சிறைவைத்த அந்நாட்டு அமைச்சர் ஸ்மட்ஸுக்கே பரிசாக அளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகளில் அணிந்து, 1939-இல் காந்தியடிகளின் எழுபதாவது பிறந்த நாளையொட்டித் திருப்பி அனுப்பினார். வங்காளத்தில் தாகூரின் புதல்வர் ரதீந்திரநாதரும் அவர் மனைவி பிரதிமா தேவியும் ஸ்ரீநிகேதனத்தில் தோலில் சித்திரம் எழுப்பும் கலையைப் பரப்பினார்கள். இன்று சாந்திநிகேதன் தோற்பைகள் புவிசார் குறியீடு பெற்றுத் தேசமெங்கும் விலைபோகின்றன. இவர்களிடம் எனக்குள்ள மரியாதை குறைவானதன்று. ஆயினும் காந்தியடிகள் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தால், அவர் பாரிஸ்டராகத்தான் எழுந்தார். என் தாத்தா எந்த ஊசியைக் கீழே வைத்தாலும் தாத்தாவாகத்தான் எழ முடிந்தது. வேலை ஒன்றே, கையும் கையே. வேறுபட்டது, மாட்டேன் என்று சொல்லும் வழி.

அந்த வழியை எனக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் தகப்பனார். ஆகவே நான் திரும்பியிருப்பது அவருக்கு விரோதமன்று, அவர் வாங்கித் தந்ததைச் செலவழிப்பதுதான் என்று நான் வாதிக்கிறேன். என் தம்பி ஒப்புக்கொள்வதில்லை. "அப்பா மில்லுல நின்னு காலு வீங்குனது இதுக்குத்தானாங்கண்ணா?" என்று கேட்டான். அவன் மகள் 2009-ஆம் வருஷத்துச் சட்டம் அருந்ததியருக்குத் தந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டில் கல்லூரியில் இடம் பெற்றவள்; பெங்களூரில் வேலை செய்கிறாள். நான் செய்த பையின் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டபோது, "பெரியப்பா, ரொம்ப அழகா இருக்கு, ஆனா வெளியில போட வேண்டாமே" என்று தனியே எழுதினாள். அவளுடைய அலுவலகத்தில் அந்த எஞ்சினீயர் இளைஞரின் பையை யாரேனும் வைத்திருந்தால் அது நாகரிகம். பெரியப்பாவின் பை வந்தால் பூர்வோத்தரம் விசாரிக்கப்படும். அவளிடம் எனக்குக் கோபமில்லை. இந்தப் பயம் இன்னும் நியாயமாகத்தான் இருக்கிறது. வெளியில் போடவில்லை.

என் திரும்புதல் பாதித் திரும்புதல்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்புத் தொட்டிக்கு நான் போகவில்லை, போகமாட்டேன். ஈரோட்டுப் பக்கத்திலும் சென்னைப் பெரியமேட்டிலும் பதனிட்ட தோலை விலைகொடுத்து வாங்குகிறேன். அந்த நாற்றத்தையும் புண்பட்ட கைகளையும் வேறு யாரோ இன்றும் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாலாற்றங்கரையில் பதனிடும் ஆலைகள் நீரையும் நிலத்தையும் என்ன செய்தன என்பதற்காக 1996-இல் உச்ச நீதிமன்றமே கடுமையான தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. பரம்பரைக் கலையைக் காப்போம் என்று மேடையில் பேசுகிறவர்கள், எந்தப் பகுதியைக் காக்கச் சொல்கிறார்கள் என்பதை ஒருமுறை தெளிவாகச் சொன்னால் நன்றாயிருக்கும்.

சென்ற தை மாதத்தில் காங்கயம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். காளை வளர்ப்பதில் பித்துள்ளவர். கழுத்துப் பட்டை இரண்டு வேண்டும், பழைய மோஸ்தரில் பூ வைத்து வேண்டும் என்றார். தம்பி அன்று வீட்டில் இருந்தான். ஒன்றும் பேசாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டான். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, காபி குடித்து, "எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டார். தோலின் விலை, வேலை நாள், சலங்கையின் விலை எல்லாவற்றையும் தாளில் எழுதி, கூட்டி, அடியில் கோடிட்டுக் காட்டினேன். பாதியை முன்பணமாகக் கேட்டேன். அவர் பேரம் பேசவில்லை. நோட்டுகளை எண்ணி வைத்து, ரசீதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கும்பிட்டு விடைபெற்றார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பிய பிறகு தம்பி செய்தித்தாளைத் தாழ்த்தினான்.

"கொறச்சுச் சொல்லிப்போட்டீங்கண்ணா," என்றான்.