பந்தியைப் பிரிக்கும் உபதேசம்

2023 ஜூன் மாதம் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் தென் பாப்டிஸ்ட் மாநாடு கூடியது. ஏறத்தாழ 47,000 சபைகள் சேர்ந்த அமைப்பு அது. அந்நாட்டுப் புராட்டஸ்டண்ட் அமைப்புகளில் அதுவே மிகப் பெரியது. அரங்கில் ஒலிவாங்கியின் முன் ரிக் வாரன் வந்து நின்றார். 1980இல் கலிபோர்னியாவில் சேடில்பேக் சபையை நிறுவி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் போதகராக இருந்தவர். பேச அவருக்குக் கிடைத்தது மூன்று நிமிடம். என் சபையின் கருத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கவில்லை. எத்தனையோ உபதேசங்களில் ஒத்துப்போகாமலே கூடி ஊழியம் செய்து வந்தோமே, அந்த மரபைக் கைவிடாதீர்கள் என்றுதான் கேட்டார். வாக்குச் சீட்டுகளை எண்ணினார்கள். சேடில்பேக் சபையை வெளியேற்றியது சரியே என்றவர்கள் 9,437 பேர். வேண்டாம் என்றவர்கள் 1,212 பேர். சேடில்பேக் செய்த குற்றம், பெண்களுக்குப் போதகர் பொறுப்பைக் கொடுத்தது.

அந்த வாக்கு தவறானது. பெண்கள் போதகராகலாமா என்ற கேள்விக்கு எந்தப் பதில் சரி என்பதை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஆகக் கூடாது என்று வேதத்தைப் படித்து மனச்சாட்சியோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள், ஆகலாம் என்று அதே வேதத்தைப் படித்து அதே மனச்சாட்சியோடு சொல்பவர்களும் இருக்கிறார்கள். இருவரும் அறிக்கையிடும் கிறிஸ்து ஒருவரே. அப்படியிருக்க, இவர் அவரைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்புவதற்கு இது போதுமான காரணம் ஆகாது.

இந்தக் கேள்வி முதல் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது. ரோமாபுரிச் சபையில் இறைச்சி உண்பவர்கள் இருந்தார்கள், காய்கறி மட்டுமே உண்பவர்களும் இருந்தார்கள். சில நாள்களை விசேஷமாக எண்ணியவர்களோடு எல்லா நாளையும் ஒன்றாகவே எண்ணியவர்களும் இருந்தார்கள். அன்றைய யூத விசுவாசிக்கு இது சில்லறை விஷயம் இல்லை. தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்துக் காத்த நியமம். ரோமர் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல் அதற்குத் தீர்ப்பு எழுதுகிறார். தம் நிலைப்பாடு எதுவென்று அவர் மறைக்கவில்லை. இருந்தும் தம் பக்கத்துக்காரர்களையே முதலில் அதட்டுகிறார். உண்பவன் உண்ணாதவனை இகழக் கூடாது, உண்ணாதவன் உண்பவனுக்கு நீதிபதியாகக் கூடாது, இருவருக்கும் எஜமான் வேறொருவர் என்பதே அவர் வாதத்தின் சாரம். கொரிந்து சபையில் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சி பற்றிச் சண்டை வந்தபோதும் இதையே சொன்னார்: அறிவு உன்னிடம் இருக்கலாம், உன் அறிவால் உன் சகோதரன் விழுந்துவிடக் கூடாது.

அதே பவுல் அந்தியோகியாவில் பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்து நின்றவர். இதை எடுத்துக்காட்டி, உபதேசத்துக்காக அப்போஸ்தலரே மோதிக்கொள்ளவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மோதல் எதற்காக என்று பார்க்க வேண்டும். பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து தனிப் பந்திக்குப் போய்விட்டார். பவுலால் பொறுக்க முடியாதது அதுதான். எது பிரிவுக்குரிய காரணம் என்று அவரிடம் கேட்டிருந்தால், பந்தியைப் பிரிப்பதே பிரிவுக்குரிய பிழை என்று சொல்லியிருப்பார் போலும். தனிப் பந்தி என்ன செய்யும் என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்போஸ்தலருக்குப் பின் வந்தவர்களும் இதை மறக்கவில்லை. ஏறத்தாழ கி.பி. 155இல் ஸ்மிர்னாவின் ஆயர் பொலிகார்ப் தள்ளாத வயதில் ரோமுக்குப் போனார். ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் ஆசியச் சபைகளுக்கும் ரோமுக்கும் வேறுபாடு. ரோம் ஆயர் அனிசேட்டஸும் அவரும் பேசிப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் இணங்கவைக்க முடியவில்லை. பேச்சு முறிந்த பிறகு அனிசேட்டஸ் செய்ததுதான் வியப்பு. தம் ஆலயத்தில் நற்கருணை நடத்தும் இடத்தைப் பொலிகார்ப்புக்கே விட்டுக்கொடுத்தார். ஒரு தலைமுறை கழித்து ரோம் ஆயர் விக்டர், அதே நாள் கணக்கைச் சொல்லி ஆசியச் சபைகளை விலக்கிவைக்க முனைந்தார். ரோமின் கணக்கையே பின்பற்றிய லியோன் ஆயர் ஐரேனியஸ்தான் அவருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். அந்தப் பழைய விருந்தை நினைவூட்டியவரும் அவரே.

அகுஸ்தீனின் தாய் மொனிக்கா ஆப்பிரிக்காவிலிருந்து மிலானுக்கு வந்தபோது குழம்பிப்போனார். அவருடைய ஊர் வழக்கப்படி சனிக்கிழமை உபவாசம். மிலானில் அந்த வழக்கம் இல்லை. மகன் போய் ஆயர் அம்புரோஸிடம் கேட்டார். ரோமில் இருந்தால் நானும் சனிக்கிழமை உபவாசம் இருப்பேன், இங்கே இருப்பதில்லை, எந்தச் சபைக்குப் போகிறீர்களோ அதன் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். அகுஸ்தீன் அதை வானத்திலிருந்து வந்த வாக்குபோல் எண்ணி வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்து ஒரு கடிதத்தில் எழுதினார். நம் வள்ளுவரும் பொறையுடைமையைத் துறவறவியலில் வைக்காமல் இல்லறவியலில் வைத்தார். தனித்திருப்பவனுக்குப் பொறுமை எதற்கு? ஒரே கூரையின் கீழ் கூடி வாழ்பவர்களுக்கே அது வேண்டும்.

மாறாக நடந்தபோது என்ன ஆனது என்பதற்கு 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் நடந்த சந்திப்பு சாட்சி. சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் ஸ்விங்லியும் 15 கூற்றுகளில் 14க்கு உடன்பட்டார்கள். எஞ்சிய ஒன்று, அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரம் எவ்விதம் இருக்கிறது என்பது. லூத்தர் மேசைமேல் சுண்ணாம்புக்கட்டியால் ஆண்டவரின் சொற்களை லத்தீனில் எழுதி, மேல்விரிப்பால் மூடிவைத்து, வாதம் சூடேறியபோது விரிப்பை விலக்கிக் காட்டினார். ஸ்விங்லி கண்ணீர் விட்டார். லூத்தர் அவரைச் சகோதரராக ஏற்க மறுத்தார். ஒன்றாக அமர்ந்து உண்ணும்படி ஆண்டவர் கொடுத்த விருந்து, ஒன்றாக அமராததற்குக் காரணமாயிற்று. பிற்காலத்துப் பிரசங்கிகளான வெஸ்லியும் விட்ஃபீல்டும் இவர்களைவிடப் பெரியவர்கள் என்று சொல்ல முடியாது. முன்குறித்தல் உபதேசத்தில் அவர்கள் அச்சேற்றி மோதிக்கொண்டார்கள், மனக்கசப்பும் வந்தது. ஆனால் 1770இல் விட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி.

எல்லாவற்றையும் விட்டுக்கொடு என்று இதற்குப் பொருள் இல்லை. கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று ஆரியஸ் சொன்னபோது 325இல் நிசேயா சங்கம் வழிவிட்டிருக்க முடியாது. கிறிஸ்து யார் என்பதும், அவரால் மட்டுமே மீட்பு என்பதும் போனால் கூடி நிற்க எதுவும் மிஞ்சாது. அந்த அளவுக்கு எல்லை தேவை.

அந்த எல்லையை எவ்வளவு தூரம் இழுப்பது என்பதில்தான் நியூ ஆர்லியன்ஸ் தவறியது. அந்த அரங்கில் வாரனுக்கு மறுமொழி சொன்னவர் இறையியலாளர் ஆல்பர்ட் மோலர். மருத்துவமனையில் நோயாளிகளை அவசரத்துக்கேற்பப் பிரிப்பதுபோல் உபதேசங்களை மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும் என்று 2005இல் எழுதியவர் அவரே. பெண் போதகர் கேள்வியை அவர் இரண்டாம் தரத்தில் வைத்தார்: விசுவாசம் கெடாது, ஆனாலும் ஒரே சபையில் இருப்பது கடினம். ஒரு சபைக்குள் அது உண்மைதான். பிரசங்க மேடையில் நிற்பவர் யார் என்பதற்கு ஒரு சபை ஒரு முடிவைத்தான் எடுக்க முடியும். ஆனால் இந்த மாநாடு ஒரு சபை அன்று. தத்தம் போதகரைத் தாமே தெரிந்துகொள்ளும் சபைகளின் கூட்டு. மேலும், போதகர் பொறுப்பு ஆண்களுக்கு மட்டும் என்ற வாசகம் அவர்களுடைய விசுவாச அறிக்கையில் 2000ஆம் ஆண்டுதான் ஏறியது. 1925இலும் 1963இலும் எழுதப்பட்ட அறிக்கைகளில் அது இல்லை. அந்த மாநாடு ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் மிஷனெரி ஊழியத்துக்காக எடுக்கும் காணிக்கை, லாட்டி மூன் என்ற பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. 1873இல் சீனாவுக்குப் போய், 1912இல் இறக்கும்வரை கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொன்னவர் அவர்.

இதைவிடப் பெரிய முரண்பாட்டைத் தென்னிந்தியாவில் நம் முன்னோர் கடந்திருக்கிறார்கள். ஆயர் இல்லாமல் திருச்சபையே இல்லை என்றது ஆங்கிலிக்கம். ஆயர் என்ற பதவியே வேண்டாம் என்றன பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள். 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 28 ஆண்டுகள் நீண்டது. அதற்கு முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா ஆயர் முடிவைப் பார்க்காமலே இறந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆயர் கை வைத்து அபிஷேகம் பண்ணாத போதகர்களையும் மறு அபிஷேகம் கேட்காமல் அப்படியே ஏற்றார்கள். அந்த ஏற்பாட்டை ஒப்பாமல் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர் வெளியே நின்றார்கள். அவர்களும் பிற்பாடு உள்ளே வந்தார்கள். 2013இல் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா பொறுப்பேற்றது அந்த நந்தியாலில்தான். கதவை அன்றே அடைத்திருந்தால் அது நடந்திருக்குமா?

விசுவாசிகளே, மூழ்கி எடுத்த ஞானஸ்நானமா, தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானமா என்று கேட்டு உடன்பிறந்தாரின் வீட்டுத் திருமணத்துக்குப் போகாமல் இருக்கிறீர்களா? அந்நியபாஷை பேசுவதில்லை என்பதற்காக ஒருவரை ஆவியில்லாதவர் என்று ஒதுக்குகிறீர்களா? நகையைக் கழற்றாத பெண்ணின் முகத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லத் தயங்குகிறீர்களா? ஆண்டவர் பந்தியில் யாரை உட்கார வைத்தார் என்று எண்ணிப் பாருங்கள். தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கும் அதே பாத்திரத்தில்தான் துணிக்கையைத் தோய்த்துக் கொடுத்தார்.

கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று ஆண்டவர் கண்டித்தது மதத் தலைவர்களைத்தான். தென் பாப்டிஸ்ட் மாநாட்டின் ஒட்டகம் எது என்பது 2022 மே மாதம் வெளிவந்த விசாரணை அறிக்கையில் தெரிந்தது. பாலியல் வன்முறையில் குற்றம் சாட்டப்பட்ட போதகர்கள், ஊழியர்கள் முதலானோரின் பட்டியலை மாநாட்டின் நிர்வாகக் குழு அலுவலகம் பல ஆண்டுகளாகத் தனக்குள் வைத்திருந்தது. அதில் 703 பெயர்கள். அப்படிப்பட்டவர்களின் பெயர்ப் பதிவேடு ஒன்றைச் சபைகள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற கோரிக்கை 2007இலேயே மாநாட்டின் முன் வந்தது. ஒவ்வொரு சபையும் தன்னாட்சி உடையது, மாநாடு தலையிட முடியாது என்று நிர்வாகக் குழு அதை மறுத்துவிட்டது. பிரசங்க மேடையில் பெண் நின்றபோது குறுக்கே வராத தன்னாட்சி, பிள்ளைகளைக் காக்கக் கேட்டபோது குறுக்கே வந்தது.

அந்தப் பதிவேட்டுக்கான இணையதளம் கடைசியில் 2023இல் திறக்கப்பட்டது. 2024 ஜூனில் மாநாடு மறுபடி இண்டியானாபொலிஸில் கூடி, பெண் போதகர்களை அமைப்புச் சட்டத்திலேயே தடைசெய்யும் திருத்தத்துக்கு வாக்களித்தது. 61 சதவீதம் ஆதரவு கிடைத்தும் மூன்றில் இரண்டு பங்கு எட்டாமல் அது தோற்றது. அன்றைய தேதியில் அந்த இணையதளத்தில் குற்றவாளி ஒருவரின் பெயர்கூட ஏறியிருக்கவில்லை.