யாருக்குத் திறந்தது கதவு?

கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கதவடைப்பது அறிவுடைமை. அக்கதவை யாருக்கு, எப்போது திறப்பது என்பது அறத்தின் வினா.

சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 7ஆம் நாள் தொடங்கிய முடக்கம் ஜூன் 19இல் பெரிதும் தளர்ந்தது. கடைகள் திறந்தன, உறவினர் கூடினர். தமிழகத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் பிழைப்பு நாடி வந்து நம் வீடுகளைக் கட்டிய தொழிலாளரோ விடுதிகளிலேயே இருத்தப்பட்டனர். வேலைக்கன்றி வெளியே செல்ல அவர்களுக்கு அனுமதி வேண்டியிருந்தது. 2022 ஜூனில்தான் அக்கட்டுப்பாடு பெருமளவு நீங்கியது.

நெருக்கமான விடுதிகளில் நோய் விரைந்து பரவும் என்பது உண்மையே. ஆயின், அந்நெருக்கத்தை அமைத்தவர் அவர்கள் அல்லரே! பலர் நலத்திற்காகச் சிலர் சுமக்கும் துன்பம் அனைவர்க்கும் பொதுவான கடனாகும். நெருக்கமற்ற உறைவிடம் அமைத்துத் தருவதே அக்கடனைத் தீர்க்கும் வழி. நன்றியுரை மட்டும் போதாது.