கடன் நம்முடையது, வட்டி ஃபாத்துவுடையது

மாட்டுக்குச் சினை ஊசி போடுவது நம்ம ஊரில் யாருக்கும் புதுசு இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனால், டாக்டர் உறைவிந்தை எடுத்துச் செலுத்துவார். ஐந்து நிமிஷ வேலை. இதையே ஒரு காண்டாமிருகத்திடம் செய்து பாருங்கள்!

விந்து எடுப்பதே பெரும்பாடு. அவ்வளவு பெரிய மிருகத்தை மயக்க ஊசி போட்டுச் சாய்த்து, மின்தூண்டல் கொடுத்து எடுக்க வேண்டும். சும்மா உறையவைத்தால் பனித்துகள்களே உயிரணுவைக் கிழித்துவிடும். அதனால் கிளிசரால் போன்ற காப்புத் திரவம் கலந்து, பக்குவமாகக் குளிரவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைக்கிறார்கள். அப்பன் செத்த பிறகும் அது வருஷக்கணக்கில் இருக்கும்.

எதற்கு இத்தனை மெனக்கெடல்? வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தைக் கேளுங்கள். 1960-களில் ஆப்பிரிக்காவில் சுமார் இரண்டாயிரம் இருந்தன. கொம்புக்காகவே சுட்டுத் தீர்த்தார்கள். 2018 மார்ச் 19-ம் தேதி, கென்யாவின் ஓல் பெஜேட்டா சரணாலயத்தில் சூடான் என்ற கடைசி ஆண் இறந்தது. மிஞ்சியது இரண்டே பெண்கள். சூடானின் மகள் நாஜின், பேத்தி ஃபாத்து. இரண்டாலும் கர்ப்பம் சுமக்க முடியாது.

ஆனால், 2014-லேயே இறந்துபோன சுனி என்ற ஆணின் விந்து பத்திரமாக இருந்தது. 2019-ல் ஃபாத்துவின் கருமுட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒற்றை உயிரணுவை ஊசியால் செலுத்தி, ஆய்வகத்தில் கரு உருவாக்கினார்கள். சுமக்கப்போவது தெற்கு வெள்ளை இனத்து வாடகைத் தாய்.

'மனிதன் அழித்தான், மனிதனே திருப்பித் தருகிறான். கடன் அடைகிறது' என்று கைதட்டத் தோன்றும். எனக்கும்தான். ஆனால், காமர்ஸ் படித்த புத்தி, கடன் என்றதும் கணக்கு நோட்டைத் திறக்கிறது. கடன் வாங்கியது யார்? கொம்பை விற்றவன், வாங்கியவன், வேடிக்கை பார்த்த நாம். வட்டி கட்டுவது? ஃபாத்து! மறுபடி மறுபடி மயக்க ஊசி, மறுபடி மறுபடி கருமுட்டை எடுப்பு. யாரோ வாங்கிய கடனுக்கு, கையெழுத்தே போடாத ஜாமீன்தாரர்.

சரி, விட்டுவிடலாமா? அதுவும் நியாயமில்லை. கைகழுவினால் கொம்பு வேட்டைக்காரன் ஜெயித்ததாக ஆகிவிடும்.

எனக்கு வழி காட்டியது, 2021-ல் அந்த விஞ்ஞானிகள் எடுத்த ஒரு முடிவு. நாஜினுக்கு அப்போது 32 வயது. இனி முட்டை எடுப்பதில் கிடைக்கும் லாபத்தைவிட அதற்கு ஆபத்து அதிகம் என்று, உடம்பு நிலையையும் நியாய தர்மத்தையும் எடைபோட்டு, 'உனக்குப் போதும்' என்று ஓய்வு கொடுத்துவிட்டார்கள். யோசியுங்கள்... உலகத்தில் இருந்ததே இரண்டு பெண்கள். கையிருப்பில் சரிபாதியைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள். இனத்தைக் காப்பாற்றும் வெறியில், எதிரே மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும் ஒற்றை உயிரை மறக்கவில்லை. நான் கைதட்டுவது அதற்குத்தான்.

இன்னொன்று. குட்டி சீக்கிரம் பிறக்க வேண்டும் என்று அவர்கள் அவசரப்படுகிறார்கள். ஏன் தெரியுமா? நாஜினும் ஃபாத்துவும் இருக்கும்போதே பிறந்தால்தான், தன் இனத்தின் பழக்கவழக்கங்களை அது பக்கத்திலிருந்து பார்த்துக் கற்க முடியும். விந்தை உறையவைக்கலாம். வளர்ப்பை எந்த நைட்ரஜனில் போட்டு வைப்பது? மேயக் காட்டை எந்தக் குப்பியில் அடைப்பது?

உறைவிந்து வங்கி இருக்கட்டும், அவசியம் இருக்கட்டும். ஆனால், அதைக் காட்டி வெளியே துப்பாக்கிச் சத்தத்துக்குக் காது பொத்திக்கொண்டால், நாளை பிறக்கிற குட்டியின் தலையிலும் ஒரு புதுக் கடனைத்தான் எழுதுகிறோம். அதற்கும் கொம்பு முளைக்கும் இல்லையா?