அடித்துப் போட்ட விலையும் ஒரு சாட்சியமே





சில நாட்களுக்கு முன் அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆன்லைனில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறார். கடைக்காரர்களுக்கு மொத்தமாகவும், வீடுகளுக்குச் சில்லறையாகவும் கொடுக்கிறார்.

"ஹஸ்ரத், என் சரக்குக்கு நியாயமான விலை 450 ரூபாய். அப்படியே போட்டால் யாரும் சீண்டுவதில்லை. 1,500 என்று போட்டு அதன் மேல் கோடு அடித்து, 70 சதவீதம் தள்ளுபடி என்று காட்டினால் அன்றைக்கே ஆர்டர் வருகிறது. கடைசியில் நான் வாங்குவது அதே 450தான். யாரிடமும் ஒரு ரூபாய்கூட அதிகம் வாங்கவில்லை. இதிலும் குற்றம் உண்டா?" என்று கேட்டார்.

இந்தத் தம்பி பொறுப்போடு கேட்கிறார். நாமும் பொறுப்போடு பதில் தேட வேண்டும்.

முதலில், லாபத்தை மார்க்கம் குறை சொல்லவில்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் ஓர் ஆடு வாங்கி வரும்படி நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனார் கொடுத்தார்கள். அவரோ அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடு வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டுவந்து கொடுத்தார். நபியவர்கள் அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. வாங்கியதைப் போல் இரண்டு மடங்குக்கு விற்பதும் அங்கே குற்றமாகவில்லை.

அதேபோல், 10 உருப்படி வாங்கினால் ஒரு விலை, 100 வாங்கினால் குறைந்த விலை என்று வைப்பதும் ஆகுமானதே. பண்டிகைக்குத் தள்ளுபடி தருவதும் ஆகுமானதே. விலை உங்கள் உரிமை. ஆனால் விலையைப் பற்றி நீங்கள் சொல்லும் செய்தி உங்கள் அமானிதம்.

மறுமையில் அல்லாஹ் பேசாத, பார்க்காத மூவரைப் பற்றி அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அவர்களில் ஒருவர், அஸருக்குப் பின் சரக்கை விற்கும்போது அதன் விலையைப் பற்றிப் பொய்ச்சத்தியம் செய்தவர். வாங்கியவர் அதை நம்பி வாங்கிவிட்டார்.

தம்பி அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்யவில்லை. ஆகவே அந்தக் கடும் எச்சரிக்கை அப்படியே அவருக்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு இடத்திலும் நடக்கும் வேலை ஒன்றுதானே? ஒருபோதும் இல்லாத ஒரு விலையைச் சொல்லி, அதை நம்ப வைத்து, அந்த நம்பிக்கையால் விற்பது. கோடு அடித்த 1,500 ரூபாய், "இது 1,500க்கு விற்ற பொருள்" என்று உங்கள் சார்பில் சாட்சி சொல்கிறது. நாக்கு அசையவில்லை, அவ்வளவுதான்.

"எல்லோரும் செய்கிறார்கள், வாங்குகிறவர்களுக்கும் தெரியும்" என்பார்கள். எல்லோருக்கும் தெரியும் என்றால் அந்த எண்ணை ஏன் போட வேண்டும்? நம்புகிற ஒருவர் எங்கோ இருப்பதால்தான் ஆர்டர் வருகிறது. பெரும்பாலும் அவர் நம்மைவிட வெளியுலகம் குறைவாகத் தெரிந்தவர்.

"இன்னும் 2 மட்டுமே உள்ளது" என்று போட்டுவிட்டு, குடோனில் 200 வைத்திருப்பதும் இதே வகைதான். நண்பர்களை வைத்து ஐந்து நட்சத்திரம் போட வைப்பது, வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிவிடும் நஜ்ஷ் என்ற தடுக்கப்பட்ட செயலின் உறவினர். பொய்யான அவசரத்தை உண்டாக்குவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடுத்திருக்கிறது. நாட்டின் சட்டமே தவறு என்று சொல்வதை, முஃமின் அதற்கு முன்பே விட்டிருக்க வேண்டாமா?

அப்படியானால் என்ன செய்வது? உண்மையில் அந்த விலைக்கு விற்றிருந்தால் மட்டும் அதைக் கோடு அடித்துக் காட்டுங்கள். சலுகை ஞாயிற்றுக்கிழமையோடு முடியும் என்றால் ஞாயிற்றுக்கிழமையே முடியுங்கள். உறைமேல் அச்சிடும் விலையை நீங்களே முடிவு செய்கிறீர்கள் என்றால், அதற்கும் நீங்களே பொறுப்பு.

வாங்குகிற சகோதரர்களே, நமக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு நாள் உடுத்திவிட்டு, சரியில்லை என்று திருப்பி அனுப்புவதும் பொய்ச்சாட்சிதான்.

தம்பி கடைசியாக, "விற்பனை குறைந்துவிட்டால்?" என்று கேட்டார். குறையலாம். குறையாது என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை மறைக்காமல் இருந்தால் அவர்களின் வியாபாரத்தில் பரக்கத் உண்டு, பொய் சொல்லி மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை ஆர்டர் வந்தது என்று போன் காட்டும். பரக்கத் எவ்வளவு வந்தது என்பதை அது காட்டாது.

வல்ல ரஹ்மான் நம் ரிஸ்கை ஹலாலாக்கி, நம் நாவையும் நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணையும் உண்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.